ஓநாய்ப்புரம் பார்த்த மத்தியானம்

ஓநாய் அந்த மீசைக்காரனின் கழுத்தைக் கவ்வியபோது உலகநாதன் டிவியைப் பார்க்கவில்லை. மருமகன் சுதாகரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நனைந்த வேட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்துக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் ஹால் முழுக்க வந்தது. சுதாகர் கண் இமைக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. தலையை மட்டும் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, சமையல்காரன் ரசத்தை உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பதுபோல அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு மனுசன் சாவதை இப்படியா கேட்பார்கள். காலையில் இந்த வீட்டு வாசலுக்கு வரும்வரை மனசுக்குள்கூட 'மாப்பிள்ளை சொன்னார், மாப்பிள்ளை வந்தார்' என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். எப்போது அது 'அவன்' ஆனது என்று யோசித்தால் கீழே கேட் பக்கம் நின்ற வீட்டுக்காரம்மாளின் முகம் வந்தது. அதை இப்போது நினைக்க வேண்டாம். இப்போது பார்க்க வேண்டியது இவர்களை. சோபாவின் இந்தக் கோடியில் சம்பந்தியம்மாள் கோமதி, மடியில் அவர் கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்த கடலைமிட்டாய்ப் பொட்டலம். திரையில் எலும்பு முறிகிறது, இந்தம்மாள் வாயில் மிட்டாய் முறிகிறது, எது எந்தச் சத்தம் என்று பிரிக்க முடியவில்லை. "ஐயோ பாவம், பிள்ளகுட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்துக்கொண்டாள். "மிட்டாய் நல்ல பதம் அண்ணாச்சி. இங்க சாலிகிராமத்துலயும் கோவில்பட்டி மிட்டாய்னு போர்டு மாட்டி விக்கான். வாயில போட்டா களிமண்ணு." அவர் தலையை ஆட்டினார். தரையில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு செண்பகா உட்கார்ந்திருந்தாள். அவருடைய ஒரே மகள். அவளைப் பார்க்கத்தான் ராத்திரி முழுக்க ரயிலில் வந்தார். வந்ததிலிருந்து அவள் முகத்தைத்தான் அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அது ஏதோ ஒரு வெளிநாட்டுத் தொடர். தமிழில் குரல் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போடுகிறார்கள். 'ஓநாய்ப்புரம்' என்று பெயர். பனி பெய்கிற ஒரு மலையூர். அங்கே யாரோ ஒருவன் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஓநாயாகிவிடுகிறான். பகலில் அவனும் மற்றவர்களைப்போல ரொட்டி வாங்குகிறான், கோவிலுக்குப் போகிறான், செத்தவன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வருகிறான். யார் என்றுதான் யாருக்கும் தெரியாது. சாப்பாடு முடிந்ததும் சுதாகர் அவருக்குக் கதையை இவ்வளவுதான் சொன்னான். சொல்லும்போது சிரித்தான். அந்தச் சிரிப்பும் உலகநாதனுக்குப் பிடிக்கவில்லை. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆள் முகத்தைப் படித்தே சோறு தின்றவர். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலைப் பார்ப்பான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புதுசாகத் தப்பு பண்ணுகிறவன்தான் ஜன்னலைப் பார்ப்பான். பழகினவன் கண்டக்டரின் கண்ணையே நேராகப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் கூட்டம் சாஸ்தியோ" என்று விசாரிப்பான். இவன் காலையிலிருந்து விசாரித்துக்கொண்டேதான் இருக்கிறான். "மாமா, ஃபேன் காத்து அங்க வருதா?" "மாமா, முதுகுக்குத் தலகாணி வச்சுக்கிடுங்க." "மாமா, காப்பிக்குச் சீனி காணுமா?" எதற்கு இத்தனை மாமா. கல்யாணத்துக்கு முன்னால் பேச்சே வராது என்றார்கள். பையன் சவுண்டு ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறான், காதில் மாட்டுகிற கருவியோடேயே இருந்து இருந்து வாய் திறக்க மறந்துபோச்சு என்று கோமதியம்மாளே பெண் பார்க்க வந்த இடத்தில் சொன்னாள். அப்படிப்பட்டவன் இன்றைக்கு ஏன் இப்படி வளவளவென்று பேசுகிறான்.

போன மாதம் போன் பண்ணியபோது செண்பகாவின் குரல் கட்டியிருந்தது. சொரசொரவென்று, பாதிப் பாதியாக வந்தது. "என்னம்மா தொண்டைக்கு?" "ஒண்ணுமில்லப்பா, ஐஸ் தண்ணி குடிச்சேன்." செண்பகா ஐஸ் தண்ணி குடிக்க மாட்டாள். சின்னதிலிருந்தே பல் கூச்சம். அவள் அம்மாவுக்கும் அப்படித்தான். அழுது அழுதுதான் ஒரு தொண்டை அப்படிக் கட்டும். அது அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் அவர் ஆடி அழைப்பைப் பற்றிப் பேச்செடுத்தார். கல்யாணமாகி முதல் ஆடி. ஆனி முடிவதற்குள் பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். ஆடி முழுக்க அங்கேதான் இருப்பாள். எந்த ஊரில் எந்தப் பெண்ணும் அதற்குத்தானே நாளை எண்ணிக்கொண்டிருப்பாள். அவர் மனைவி வடிவு எண்ணினாள். கல்யாணமான புதுசில் வடிவு வைகாசியிலேயே பெட்டியை எடுத்துத் துடைத்துவைத்ததைப் பார்த்து அவருக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் செண்பகா என்ன சொன்னாள். "இந்த வருசம் வேண்டாம்பா." ஏன் என்று கேட்டதற்கு, "அவருக்குச் சாப்பாட்டுக்குச் சிரமம்" என்றாள். கோமதியம்மாள் இருக்கும்போது என்ன சாப்பாட்டுச் சிரமம். அது அவள் வாயில் வைத்து அனுப்பப்பட்ட பேச்சு. பின்னால் யாரோ நின்றுகொண்டு சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அழைக்கப் போவதென்றால் ஒரு பொம்பளை போக வேண்டும், பூவும் பழமும் வைத்துத் தட்டைக் கொடுத்துக் கேட்க வேண்டும். வடிவு இல்லை. தங்கைக்கு மூட்டுவலி. நாமே போவோம் என்று ஒரு சேலையும் பூவும் பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வருகிறேன் என்று யாருக்கும் சொல்லாமல் ரயிலேறிவிட்டார். செக்கிங் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டா வருவார். நடுவழியில் கை காட்டித்தான் ஏறுவார்.

அப்படி வந்து இறங்கி, கேட்டைத் திறக்கும்போதுதான் அந்த வீட்டுக்காரம்மாள் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நீங்க செண்பகாவோட அப்பாவா சார்? மூக்கு அப்படியே இருக்கே" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இப்ப பரவால்லியா அவளுக்கு? போன மாசம் மத்தியானத்துல கேட்டுச்சே ஒரு சத்தம். ஒருவாட்டி இல்ல சார், திரும்பத் திரும்ப. படி வரைக்கும் வந்தேன். புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம், நாம என்னத்தக் கேக்கிறதுன்னு விட்டுட்டேன்." சொல்லிவிட்டு அவள் செம்பைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரை உதறினாள். உலகநாதன் மாடிப்படியில் ஒரு படி ஏறினார், நின்றார், இன்னொரு படி ஏறினார். திரும்பத் திரும்ப. பரவால்லியா அவளுக்கு. என்ன பரவாயில்லையா. எது. இப்பக் கேட்கலாமா, திரும்பி இறங்கிப்போய் இன்னும் கேட்கலாமா. கேட்டால் அவள் இன்னும் சொல்லுவாள். அதுதான் பயம். அதற்குள் மேலே கதவு திறந்து, "அப்பா" என்று செண்பகா நின்றாள். முகத்தில் சந்தோசம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்து போனது. பயம்தான் அது. அவர் பார்த்தார். பிறகுதான் சிரித்தாள். உள்ளே கோமதியம்மாள், "வாங்க அண்ணாச்சி, வாங்க, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீக, நல்ல நாளுதான்" என்று சொல்லிவிட்டு மகனைப் பார்த்தாள். மகன் செண்பகாவைப் பார்த்தான். செண்பகா தரையைப் பார்த்தாள். மூன்று பேருக்குள்ளும் ஏதோ ஒன்று கைமாறியது. அழைப்பைச் சொல்லிவிடலாம் என்று அவர் பையைத் திறக்கப்போனபோது சம்பந்தியம்மாள் கையமர்த்தினாள். "இருங்க அண்ணாச்சி. சாப்பிடுங்க. சாப்பிட்டு எங்க கூட உக்காந்து நாடகத்தப் பாருங்க. அது முடியட்டும், தட்டை எடுக்கலாம்." நாடகத்துக்கும் ஆடி அழைப்புக்கும் என்ன சம்பந்தம். சுதாகர் சொன்னான், "ஆமா மாமா, இன்னைக்கு நீங்க கட்டாயம் பாக்கணும்." கட்டாயம். அந்த வார்த்தை அவர் நெஞ்சுக்குள் மீன்முள்போல நின்றுகொண்டது. விழுங்கவும் முடியவில்லை, வெளியே எடுக்கவும் முடியவில்லை.

இப்போது திரையில் மீசைக்காரனைப் பனியில் இழுத்துக்கொண்டு போகிறது ஓநாய். வெள்ளையில் சிவப்புக் கோடு நீளமாக விழுகிறது. காமிரா அந்தக் கோட்டின் பின்னாலேயே போகிறது, காட்ட வேண்டியதையெல்லாம் காட்டுகிறது, குடலைக்கூட விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குள் இதையா போடுவார்கள். மெல்ல, கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்து, மகளைப் பார்த்தார். செண்பகா அசையவில்லை. சின்ன வயசில் தெருவில் மீன்காரி வந்து மீனை ஆய்ந்தால் அம்மா சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். கோழி அறுக்கிற கடைப்பக்கம் போனால் அவர் கையை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டே நடப்பாள். "கடை போயிருச்சாப்பா, போயிருச்சாப்பா" என்று கேட்டுக்கொண்டே வருவாள். விரலில் முள் குத்திய ரத்தத்துக்கு மயங்கி விழுந்தவள். அந்தச் செண்பகா இந்தக் குடலைப் பார்த்துக்கொண்டு கையில் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறாள். டம்ளரில் தண்ணீர் ஆடக்கூட இல்லை. எப்படி மரத்துப்போகும் ஒரு பிள்ளைக்கு. ரத்தம் பார்த்துப் பார்த்துத்தானே மரத்துப்போகும். அவர் கண் அவள் கையில், கழுத்தில், காதோரத்தில் எல்லாம் தேடியது. கைமுட்டிக்குக் கீழே கறுப்பாக ஏதோ தெரிந்தது. தழும்பா, நிழலா. அவள் கையைத் திருப்பினால் தெரியும். திருப்பவில்லை. பிறகு அவர் இன்னொன்றைக் கவனித்தார். அவள் டிவியையே பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கண் பட்டதும் சட்டென்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். புதுசாகத் தப்பு பண்ணுகிறவர்கள் ஜன்னல் பக்கம் திரும்புவதுபோல.

என்னிடம் எதையோ சொல்ல நினைக்கிறாள். இவர்களுக்கு முன்னால் சொல்ல முடியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். எழுந்து, 'வாம்மா, கிளம்பு' என்று சொல்லிவிட்டால் என்ன. சாயங்கால ரயில் இருக்கிறது. சொல்லலாம், ஆனால் பிறகு. இவர்கள் கையில்தானே இருக்கிறாள். ஆடி முடிந்து திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். விடாமல் வைத்துக்கொண்டால் ஊர் பேசும். பேசட்டும். வடிவு இருந்தால் அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டுபோய் ஒரே நிமிசத்தில் விசயத்தைக் கறந்துவிடுவாள். அவருக்கு அது வராது. இந்தப் பெண் அவரிடம் எதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அழுதால்கூடச் சத்தம் வராது. கத்திப் பேசியதில்லை, கத்தி விளையாடியதில்லை. அந்த ஒரு தடவை தவிர. அதற்குள் போக வேண்டாம். வேறு எதையாவது நினைக்க வேண்டும். சாத்தூர் பஸ் ஸ்டாண்டு வெள்ளரிப்பிஞ்சு. மழையில் நனைந்த டிக்கெட் கட்டு. அந்த ஒரு தடவை தவிர. "செண்பகா, அந்த சவுண்டைக் கொஞ்சம் கூட்டு" என்றான் சுதாகர். அவள் ரிமோட்டை எடுக்கவில்லை. அவனே எழுந்துபோய்க் கூட்டினான். கோமதியம்மாள் மிட்டாய் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். திரையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், மஞ்சள் தலைமுடி, கையில் விளக்கோடு ஒரு வைக்கோல் கொட்டகைக்குப் போகிறாள். கதவு லேசாகத் திறந்திருக்கிறது. உள்ளே இருட்டு. ஹாலில் மூன்று பேருடைய உடம்பும் ஒன்றுபோல விறைத்ததை அவர் பார்த்தார். இது பயத்தின் விறைப்பு இல்லை. என்ன வரப்போகிறது என்று தெரிந்தவர்களின் விறைப்பு. மெல்ல, ஒவ்வொருவராக, மூன்று பேரும் திரையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்கள். ஏன் என்னைப் பார்க்கிறார்கள். செத்தது அங்கே. ஏன் என்னை. டீச்சர் கதவைத் தள்ளினாள்.

அலறல் கேட்டபோது உலகநாதன் கோவில்பட்டி வீட்டுப் புறவாசலில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் பாதி சோப்பு நுரை, கையில் ரேசர், ஆணியில் தொங்குகிற கண்ணாடியில் காலை வெயில். அலறல் முதலில் மெலிதாக, கேள்வி கேட்பதுபோல ஆரம்பித்தது. பிறகு அகலமாகி, நடுவில் ஒரு இடத்தில் மூச்சு இல்லாமல் வெறும் காற்றாகி, அங்கிருந்து மறுபடியும் கிளம்பியது. பாம்பு என்று நினைத்தார். பாம்பு, அடுக்களைக்குள் பாம்பு வந்துவிட்டது என்று கம்பைத் தேடினார். கம்பைத் தேடிக்கொண்டிருந்தார், அதுதான், கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். அடுக்களை வாசலில் செண்பகா சுவரோடு ஒட்டி நின்று கத்திக்கொண்டிருந்தாள். தரையில் வடிவு, ஒரு பக்கமாக, காதிலிருந்து ரத்தம், அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவர் கம்போடு நின்றார். தலைக்குள் ஏதோ ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு டாக்டர் சொன்னார். விழும்போதே உயிர் இல்லை என்றார். இப்போது அவர் சாலிகிராமத்து ஹாலில் எழுந்து நின்றுகொண்டிருந்தார், காலடியில் காப்பி டம்ளர் உருண்டுகொண்டிருந்தது, வேட்டியில் சூடாக ஏதோ நனைந்திருந்தது. திரையில் மஞ்சள் முடிக்காரி வாயைத் திறந்தபடி கிடந்தாள். அவள் வாயிலிருந்து வந்தது அவர் மகளின் குரல்.

"கண்டுபிடிச்சிட்டாரு பாரு" என்று கோமதியம்மாள் கையைத் தட்டினாள். "நான்தான் சொன்னேன்ல, பெத்த தகப்பனுக்கு ஒரு நொடி போதும்னு. டம்ளரை விடுங்க, நான் எடுத்துக்கிடுதேன். பயந்துட்டீகளா அண்ணாச்சி?" சுதாகர் பெருமை தாங்காமல் எழுந்து நின்றான். "நம்ம ஸ்டுடியோல பண்ணினது மாமா. அடி, கடி, எலும்பு முறியிற சத்தமெல்லாம் அங்கிருந்தே தனியா வந்துரும். பேச்சும் அழுகையும்தான் நாம இங்க பேசணும். ரத்தம் அவங்களோடது, அலறல் நம்மளோடது. வழக்கமா அலறுற அக்கா அந்த வாரம் வரலை. யாராவது பொம்பள வாய்ஸ் வேணும்னாங்க, இவளைக் கூட்டிட்டுப் போனேன். முதல் டேக்லயே ஓகே. எல்லாரும் மலைச்சுப்போய் உக்காந்துட்டாங்க. டைரக்டர் ஒரு பாதுகாப்புக்குன்னு இன்னும் நாலஞ்சு எடுத்தாரு, அதுலதான் தொண்டை கட்டிப்போச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாது, நேர்ல காட்டணும்னு நாங்கதான் மூடி மூடி வச்சிருந்தோம்." அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. தொண்டை. மூடி மறைத்த பார்வை. கட்டாயம் என்ற வார்த்தை. தலையைச் சாய்த்துக் கேட்டது. "கீழ வீட்டுக்காரம்மா..." என்று அவர் ஆரம்பித்ததுமே கோமதியம்மாள் சிரித்தாள். "அவ ஒருத்தி. இவ பாத்ரூம்ல கத்திப் பழகினதக் கேட்டுட்டு, நான் கடைக்குப் போகையில என்னைய ஒரு பார்வ பாத்தா பாருங்க. மருமகளக் கொல்லுத மாமியான்னு முடிவே பண்ணிட்டா." எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அதுதான் உலகநாதனை உட்காரவிடவில்லை. எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற பயணியை அவர் நம்பியதில்லை. டிக்கெட்டைத் தொலைத்தவன் தடுமாறுவான். எடுக்காதவன்தான் கோவையாகப் பேசுவான். அதோடு, நடித்துக் காட்ட முடியாத ஒன்றைத்தான் இப்போது அவர் கேட்டார். பாத்ரூமில் கத்திப் பழகினால் நடுவில் மூச்சு அறுந்துபோகிற அந்தச் சத்தம் வராது. அது ஒரே இடத்திலிருந்துதான் வரும். அதை இவன் எப்படி அவளிடமிருந்து வெளியே எடுத்தான். மைக்குக்கு முன்னால் நிறுத்தி என்ன செய்தான். "வேட்டிய அலசிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அவர் அடுக்களைப் பக்கம் போனார். செண்பகா அவருக்கு முன்னாலேயே அங்கே நின்றாள்.

குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு ஹாலுக்குப் போகாது. அவர் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கைமுட்டிக்குக் கீழே இருந்தது மருதாணிக் கறை. "என்னப்பா பாக்கிறீங்க." "உன்ன அடிக்காராம்மா?" கேட்டுவிட்டார். அவள் புரியாமல் பார்த்தாள், புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "அவரா? கரப்பான்பூச்சி வந்தா ஸ்டூல் மேல ஏறி நின்னுக்கிட்டு என்னைக் கூப்பிடுவாருப்பா. இதுக்குத்தான் காலைலருந்து அவரத் திருடன் மாதிரி பாத்துக்கிட்டிருந்தீங்களா?" "அப்ப அந்த அலறல எங்கருந்து எடுத்த?" அவள் அவர் வேட்டி முனையைத் தண்ணீரில் நனைத்துக் கசக்கினாள். வேட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பாத்ரூம்ல கத்தினப்போ பொய்க் கத்தல்தான் வந்துச்சு. அங்க மைக் முன்னாடி நிக்கேன். அந்த டீச்சர் கதவைத் தள்ளுறா. அவ்வளவுதான். நம்ம அடுக்களை வந்துருச்சு. நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு எனக்குத் தெரியும். அம்மா சாவை எடுத்து டிவில கத்திட்டாளேன்னு நினைப்பீங்களோன்னுதான் காலைலருந்து உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தேன்." அவர் அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். வேறு வந்தது. "ஆடிக்கு வேண்டாம்னது அதுக்குத்தானா?" தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "கல்யாணமாகி இங்க வந்த பிறகுதான்பா நான் ராத்திரி தூங்குதேன்" என்றாள். "அந்த வீட்ல ஒண்ணும் மாறல. அம்மா நைட்டி அந்தக் கொடிலயே கிடக்கு. அம்மா விழுந்தப்ப தட்டிவிட்ட முக்காலியக்கூட நீங்க அதே இடத்துல வச்சிருக்கீங்க. ஆடி முழுக்க நான் அந்த அடுக்களைலதானே நிக்கணும்." "ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" "எப்படிச் சொல்ல. உங்களுக்கு அங்க அம்மா இருக்கா. எனக்கு அங்க அம்மா விழுந்து கிடக்கா."

அவர் ஈர வேட்டியோடு நின்றார். அவள் சொன்னது சரிதான், அங்கே வடிவு இருக்கிறாள். காலையில் பால் வைக்கும்போது இருக்கிறாள். நைட்டியைத் தாண்டிப் போகும்போது தோளில் உரசும், அப்போது இருக்கிறாள். முக்காலியை அவர் நகர்த்தவில்லை. அவள் கடைசியாகத் தொட்டது அது. வருகிறவர்கள் யாராவது அதில் உட்காரப்போனால் வேறு நாற்காலி எடுத்துக் கொடுப்பார். அதையெல்லாம் மகளுக்காக என்றுகூட அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அம்மா வீடு அம்மா வீடாகவே இருக்கட்டும், ஆடிக்கு வருகிற பிள்ளைக்கு அம்மா இல்லாத குறை தெரியக்கூடாது என்று. மைக்குக்கு முன்னால் போய் நின்று ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் வாய்க்குள் அதைக் கத்திவிட்டு வர வேண்டியிருந்திருக்கிறது பிள்ளைக்கு. அந்த அலறல் அவருக்கும் கேட்கும். புறவாசலில் சவரம் செய்வதை எப்போதோ விட்டுவிட்டார். சலூனுக்குத்தான் போகிறார். ஏன் என்று அவரே தன்னைக் கேட்டதில்லை. இவ்வளவுக்குப் பிறகும் உள்ளே ஒரு மூலையில் அந்தப் பழைய கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தான். ஒருவேளை புருசனைக் காப்பாற்றப் பேசுகிறாளோ, இன்னும் ஒருதரம் கேள், வேறு மாதிரி கேள். கேட்கலாம். கேட்டுக்கொண்டே இருக்கலாம். அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் அவள் சொன்னதைக் கேட்க வேண்டியிருக்காது. ஹாலிலிருந்து கோமதியம்மாள் குரல் கொடுத்தாள். "அண்ணாச்சி, நாடகம் முடிஞ்சுட்டு. தட்டை எடுங்க, ராகு காலம் வாரதுக்குள்ள கேட்டுருங்க. முதல் ஆடிக்குப் பிள்ளைய அனுப்பலன்னா ஊர்ல என்னையத்தான் பேசுவாக. நான் போ போன்னுதான் சொல்லுதேன், இவதான் பிடிகொடுக்க மாட்டேங்கா." செண்பகா குழாயை மூடினாள். அவரைப் பார்க்கவில்லை. 'நீங்க கூப்பிட்டா வாரேன்பா' என்று அவள் சொல்லிவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்தது. இப்போதே மூச்சை இழுத்துக்கொண்டுவிட்டாள். அவள் வாயிலிருந்து அது வருவதற்குள் அவர் ஹாலுக்குப் போனார்.

பையிலிருந்து பூவையும் பழத்தையும் சேலையையும் எடுத்துத் தட்டில் வைத்து, அதை ஏந்திக்கொண்டு சம்பந்தியம்மாளுக்கு முன்னால் நின்றார். நிற்கிறவரைக்கும் என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. "இத வச்சுக்கிடும்மா. ஆனா பிள்ளைய இந்த ஆடிக்குக் கூட்டிட்டுப் போகல. நான் வீடு மாத்துதேன்." கோமதியம்மாள் தட்டைக் கையில் வாங்கியபடி விழித்தாள். "வீடு மாத்துதீகளா? மதினி இருந்த வீட்டையா? எப்பம்?" "பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். பார்க்கவே இல்லை. "ஆடில யாராவது குடிபோவாகளா அண்ணாச்சி?" "ஆடில போகல. ஆவணி பொறந்ததும் போயிருவேன். சின்ன வீடுதான். ஆனா அடுக்களைல வெளிச்சம் இருக்கும். மாறிட்டு நானே வந்து கூட்டிட்டுப் போறேன், எத்தன நாள் வேணும்னாலும் இருக்கட்டும்." "முதல் ஆடி போச்சுதே" என்றாள் கோமதியம்மாள். பிறகு மருமகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என்ன புரிந்ததோ, அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் பூவை எடுத்து செண்பகாவின் தலையில் வைத்துவிட்டாள். சுதாகர், "மாமா, சாமான் ஏத்தி இறக்க நான் வாரேன்" என்றான். உலகநாதன் அவன் முகத்தைப் பார்த்தார். எதையும் தேடாமல் பார்க்க வரவில்லை. தேடித்தான் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. "வாங்க மாப்பிள்ளை" என்றார். செண்பகா அடுக்களை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள், சத்தமில்லாமல். அவர் சோபாவில் உட்கார்ந்து ஈர வேட்டியைக் காலோடு ஒதுக்கிக்கொண்டார். வடிவின் நைட்டியை மடிக்க வேண்டும். முக்காலியை எடுக்க வேண்டும். எடுத்தால் தரையில் அதன் கால் பட்ட இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும். இத்தனை நாளும் தினம் ராத்திரி விளக்கை அணைக்கும்போது அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் படுத்தார், இதையும் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இன்றைக்கே சொல்ல வேண்டியதில்லை. ஆடி முழுக்க இருக்கிறது, வடிவிடம் சொல்ல.